காப்புரிமைக் கணக்கும் வட்டாரப் புத்தாக்கமும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

ஒரு வட்டாரத்தின் கண்டுபிடிப்புத் திறனை அங்கிருந்து பதிவாகும் காப்புரிமைகளை எண்ணி மதிப்பிடுவது காப்புரிமைக் கணக்கு. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும், இந்தக் கணக்கில் எது ஏறும், எது ஏறாது என்பதற்கு நல்ல சான்றுகள்.

முறையின் வளர்ச்சி

பொருளியலாளர் ஜேக்கப் ஷ்மூக்ளர் அமெரிக்கக் காப்புரிமைகளைத் தொழில்வாரியாக எண்ணி, தேவை பெருகும் துறைகளில் கண்டுபிடிப்பும் பெருகுவதாக 1966-இல் வாதிட்டார். எல்லாக் கண்டுபிடிப்பும் காப்புரிமை பெறுவதில்லை, பெற்றவையும் ஒரே மதிப்புடையவை அல்ல என்று 1990-இல் ஸ்வி கிரிலிக்கஸ் எச்சரித்தார். 1993-இல் ஆடம் ஜாஃபியும் உடனாய்வாளர்களும், ஒரு காப்புரிமையை மேற்கோள் காட்டும் பின்னைய காப்புரிமைகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக அதே பகுதியில் எழுவதைக் காட்டினர். அதன்பின் ஊர்வாரிக் கணக்கு தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்தது.

இந்தியாவில்

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் 3 அன்று, பங்கா எனும் கூரை விசிறியை இழுக்கும் பொறிக்காகக் கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமை மட்டுமே என்ற அதன் விதி 2005-இல் நீங்கியது. மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்ற விலக்கு இன்றும் உண்டு.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குச் செல்கின்றன. 2022–23-இல் நாடு முழுவதும் 82,811 விண்ணப்பங்கள் வந்தன. பாதிக்கு மேல் உள்நாட்டினருடையவை. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம் பிடித்தது. கல்லூரிகளின் பங்கு பெருகியதற்கு இரு காரணங்கள் உண்டு: 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 விழுக்காடு குறைந்தது, அவற்றின் தேசியத் தரவரிசையிலும் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு.

இரு நகரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இத்தகைய வளாகத்தின் விண்ணப்பங்கள் முகவரியோடு கணக்கில் நேராகச் சேர்கின்றன.

இராஜபாளையத்தின் தொழில் வரலாறு இதைவிடப் பழையது. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அவர் குழுமத்தின் ராம்கோ சிமெண்ட்ஸுக்குப் பதிவு அலுவலகம் இராஜபாளையத்திலும் ஆய்வு மையம் சென்னையிலும் உள்ளன. அம்மையத்தில் பிறக்கும் கண்டுபிடிப்பை விண்ணப்பதாரர் முகவரிப்படி எண்ணினால் இராஜபாளையத்துக்குச் சேரும்; கண்டுபிடித்தவர் முகவரிப்படி எண்ணினால் சென்னைக்குச் சேரும். ஆகவே வட்டார ஆய்வாளர்கள் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் முகவரியையே கொள்கின்றனர். பலர் சேர்ந்து கண்டுபிடித்திருந்தால் ஒரு காப்புரிமையைப் பின்னங்களாகப் பிரித்து ஊர்களுக்கு வழங்குகின்றனர்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்பெற்ற விசைத்தறி ஊர். இத்தகைய தொழிலில் தறிக்காரர் செய்யும் சிறு மாற்றம் பட்டறையில் இருந்து பட்டறைக்கு வாய்வழியே பரவும். விண்ணப்பம் எழுதப்படாததால் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் நிலை வேறு. பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சும் கைப்பக்குவம் மரபறிவு, காப்புரிமைக்கு உரியதன்று. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் 2019-இல் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது. காப்புரிமை ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ விண்ணப்ப நாள் முதல் 20 ஆண்டுகளுக்கு உரியது. புவிசார் குறியீடு அவ்வூர் உற்பத்தியாளர் அனைவருக்கும் பொது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

மதிப்பீடு

காப்புரிமை இதழ் வாரந்தோறும் முகவரியோடு வெளியாவதால், பொறுமையுள்ள ஆய்வாளர் தாலுகா அளவுக்கும் கணக்கெடுக்கலாம். ஆனால் விண்ணப்பம், வழங்கப்பட்ட காப்புரிமை, கட்டணம் செலுத்தி உயிரோடு வைத்திருக்கும் காப்புரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். இவ்விரு நகரங்களில் அக்கணக்கு வளாகத்தையும் பதிவு அலுவலகத்தையும் காட்டும். தறியையும் கோவாச் சட்டியையும் அறியப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டையும் தொழிற்கூடங்களில் நேரில் எடுக்கும் கணக்கையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.