வாசித்தவரும் எண்ணியவரும்

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் நம்மில் குறைவு. 921ஆம் ஆண்டு ஆணைப்படி, ஊர்ச் சபையின் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, வருகிறவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். குடத்தில் கைவிட்டுப் பெயர் எழுதிய ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். திருச்சிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூரை எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. முதல் ஊரை நாடறியச் செய்ததில் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரிக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டாவது ஊரில் போய் நின்றவர் ஜப்பானியரான நொபொரு கராஷிமா. இருவரும் தேடியது சோழர்களைத்தான். கண்டது ஒன்றல்ல.

சாஸ்திரியார் 1892இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். திருநெல்வேலி, காசி, சிதம்பரம், திருச்சி என்று ஆசிரியப் பணியில் சுற்றிவிட்டு 1929இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாற்றுப் பேராசிரியர் நாற்காலிக்கு வந்தார். 1946 வரை இருந்தார். அந்தப் பதினேழு ஆண்டுகள் அசுர உழைப்பு. பாண்டியர் வரலாறு 1929இல். சோழர் வரலாறு 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாக. சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து அரச வரிசையையும் போர்களையும் ஆட்சிமுறையையும் ஒரே கதையாகக் கோத்தார். கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதத் துணைகொண்ட நூல்களில் அதுவும் ஒன்று. இன்று திரையரங்கில் சோழக் கொடியைப் பார்த்து விசிலடிக்கிறவருக்கும் அவரை அறியாமலே அவரோடு ஓர் உறவு இருக்கிறது.

கராஷிமா 1933இல் யோகோஹாமாவில் பிறந்தவர். 1961இல் சென்னைக்கு வந்து, பிறகு அப்போது ஊட்டியில் இருந்த தலைமைக் கல்வெட்டாய்வாளர் அலுவலகத்தில் உட்கார்ந்தார். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்த படிகள் அங்கே கட்டுக்கட்டாக இருந்தன. கறுப்புத் தாளில் வெள்ளையாகத் தெரியும் அந்த எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். அந்த வேலையைப் பழகியவருக்கு, அரசன் புகழ் பாடும் பெரிய மெய்க்கீர்த்தியைவிட, கடைசி வரியில் நிலம் விற்றவனின் பெயர் முக்கியமாகப்பட்டிருக்கிறது.

அல்லூர் அங்கிருந்துதான் வருகிறது. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டில் அவர் அல்லூரையும் பக்கத்து ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டார். ஈசானமங்கலம் பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர்; அதன் செய்திகள் திருச்செந்துறைக் கோயில் சுவர்களில் இருக்கின்றன. அங்கே நிலத்தைத் தனித்தனி ஆள் விற்கிறார். அல்லூரில் விற்பது ‘ஊரோம்’, அதாவது ஊரே கூடி. பிராமண ஊரில் தனியுடைமை, உழவன் வேறு, உடையவன் வேறு. வேளாண் ஊரில் கூட்டுரிமை; உடையவர்களே உழுகிறவர்களும் என்று அவர் கருதினார். சோழர் ஆட்சியின் பிற்பகுதியில் காவிரிக் கீழ்ப்படுகையில் இந்தக் கூட்டுரிமை கரைந்து தனியார் கைக்கு நிலம் போனதையும் பின்னர் காட்டினார்.

இதை வைத்துக்கொண்டு குடவோலைக்குத் திரும்பிப் பாருங்கள். உத்திரமேரூரும் பிரமதேயம்தான். அந்தச் சபையைத் தமிழகம் முழுவதற்குமான கிராம ஜனநாயகமாக நாம் கொண்டாடுவது கொஞ்சம் அவசரம். தகுதிப் பட்டியலின் முதல் வரியே நிலத்தைக் கேட்கிறது. சாஸ்திரியார் அதைப் படிக்காமல் விட்டவரல்ல. ஆனால் அவர் கண் சபையின் ஒழுங்கில் நின்றது, வெளியே நின்றவனிடம் அதிகம் போகவில்லை.

சாஸ்திரியார் கல்வெட்டை வாசித்தார், கராஷிமா எண்ணினார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி 1978இல் வெளியிட்டார். மூவேந்தவேளான் என்ற பட்டம் எந்தக் காலத்தில், எந்த மண்டலத்தில், எத்தனை முறை வருகிறது? கடமை, அந்தராயம், வெட்டி என்ற வரிச்சொற்கள் எங்கே பெருகி எங்கே மறைகின்றன? கேட்கச் சலிப்பாக இருக்கும். படிக்கவும் அப்படித்தான்; கராஷிமாவின் அட்டவணைகளை வைத்து யாரும் நாவல் எழுத முடியாது. ஆனால் 1980இல் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின், சோழப் பேரரசு என்பதே பெரும்பாலும் சடங்களவிலான தலைமை என்று வாதிட்டபோது, பதில் சொல்ல உதவியவை அந்த எண்ணிக்கைகள்தான். ராஜராஜனை பைசாந்தியப் பேரரசரின் மிடுக்கோடு தீட்டிய சாஸ்திரியாரின் சித்திரமும் அந்த விவாதத்தில் அடிவாங்கியது.

தமிழோடு இருவருக்கும் இருந்த உறவு வேடிக்கையானது. சாஸ்திரியாரின் பலம் வடமொழி. பழந்தமிழ் இலக்கியத்துக்குத் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார் என்பார்கள். தாய்மொழிக்காரர் மீது அந்தக் குறை கடைசிவரை இருந்தது. யோகோஹாமாக்காரரோ உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்கே தலைவரானார். 2010இல் அரசு கூட்டிய கோவைத் தமிழ் மாநாட்டை மன்றத்தின் பெயரில் நடத்த, ஆய்வாளர்களுக்குப் போதிய அவகாசம் இல்லை என்று சொல்லி இசையவில்லை. அரசு அழைப்புக்கு அப்படிப் பதில் சொல்ல உள்ளூர்ப் பேராசிரியர் எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்?

சாஸ்திரியார் 1955இல் தென்னிந்திய வரலாற்றை ஒரே நூலாக, தனியொருவராக எழுதினார். கராஷிமா தம் 81ஆம் வயதில், 2014இல், அதே பரப்புக்கு ஒரு சுருக்கமான வரலாற்றைக் கொண்டுவந்தார். அட்டையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது பதிப்பாசிரியர் என்ற சொல். உள்ளே பலர் எழுதியிருந்தார்கள்.