சொல்லைப் பிரித்த சிறுகோடு

நோவா வெப்ஸ்டரை (1758–1843) இன்று பலரும் நினைவுகூர்வது 'கலர்', 'ஹானர்' முதலிய ஆங்கிலச் சொற்களிலிருந்து 'யு' எழுத்தை நீக்கியவர் என்ற அளவிலேயே. ஆனால் அவர் 1783இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெளியிட்ட முதல் எழுத்துக்கூட்டு நூலில் அந்த 'யு' அப்படியே இருந்தது, மாறியிருந்தது சொற்களை அசை பிரித்த முறை. அசை என்பது இங்கு ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு ஒரே வீச்சில் ஒலிக்கும் கூறு. 'பலா' என்னும் ஈருயிர்ச் சொல்லையும் ஒரே நிரையசையாக எண்ணும் தமிழ் யாப்பின் அசை அன்று.

அக்காலப் பள்ளிப் பிள்ளைகள் ஓர் அசையின் எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, அவ்வசையை ஒலித்து, அடுத்ததை அதனோடு கூட்டியே சொல்லை எட்டினார்கள் என்பதால், பிரிப்புக்கோடு விழுந்த இடமே உச்சரிப்பைத் தீர்மானித்தது. அவர்கள் கையில் இருந்ததோ, 1740இல் லண்டனில் வெளிவந்து, 1747இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினால் ஃபிலடெல்ஃபியாவில் மறுபதிப்பு கண்ட தாமஸ் டில்வொர்த்தின் நூல். இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட மெய் பின்னசையையே சேரும் என்ற பழைய இலக்கண விதிப்படி, 'பிஷப்' என்ற சொல் 'பி', 'ஐ' என்ற இரண்டு எழுத்துகளோடு அறுபட்டது. அதைக் கண்ட பிள்ளை 'பை' என்று தொடங்குவதில் வியப்பில்லை. மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' அவ்வாறே 'நோ' என்று தொடங்கியது. 'நேஷன்' போன்ற சொற்களின் ஈறு பேச்சில் 'ஷன்' என ஓரசையாக ஒலித்தபோதும், ஏட்டில் அது இரண்டாக எண்ணப்பட்டது.

குற்றுயிரை அடுத்து வரும் மெய்யை அவ்வுயிரோடே நிறுத்தி 'பிஷ்-அப்', 'நாஸ்-ட்ரில்' எனப் பிரித்ததும், அந்த ஈற்றை ஓரசையாக்கியதும் வெப்ஸ்டர் செய்த திருத்தங்கள். காதுக்கு முதலிடம் தந்த இம்மாற்றம், அவர் பிற்காலத்தில் முன்மொழிந்து எவரும் ஏற்காத பல எழுத்து மாற்றங்களைவிடப் பயனுள்ளது என்றே சொல்ல வேண்டும். நீல அட்டையால் பெயர்பெற்ற அந்நூல் கோடிக்கணக்கில் விற்றது. சுமார் 70,000 சொற்கள் கொண்ட 1828ஆம் ஆண்டு அகராதியை அவர் தொகுத்த காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்டதும் அதன் உரிமைத்தொகையே. 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங், வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கக் கணினிக்குக் கற்பிக்க எடுத்துக்கொண்டதும் வெப்ஸ்டர் பெயர் தாங்கிய ஒரு சிறு அகராதியின் சொற்பட்டியல்தான்.