லண்டன் ஆடியது, எடின்பரோ பெயரெடுத்தது

ஸ்காட்லாந்தின் எடின்பரோ சதுரங்கக் கழகம் தொடங்கியது 1822-ல். இரண்டே வயதான அந்தக் கழகம், 1807 முதல் இயங்கிவந்த லண்டன் கழகத்தைத் தபால் வழி ஆட்டத்துக்கு அழைத்தது. பந்தயம் ஒரு வெள்ளிக் கோப்பை. ரயில் வராத காலம். ஒவ்வொரு நகர்த்தலும் குதிரை வண்டியில் போய்ச் சேர வேண்டும். 1824-ல் தொடங்கிய போட்டி 1828 வரை இழுத்தது.

முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில்தான் கதை சூடுபிடிக்கிறது. வெள்ளைக் காய் லண்டனுக்கு. இரு ராஜாக்களின் முன்நின்ற சிப்பாய்களும் இரண்டு கட்டம் வந்து முட்டி நிற்க, இருபக்கமும் ஒரு குதிரை இறங்கிவிட்டது. மூன்றாவது நகர்த்தலிலேயே லண்டன் ராணியின் சிப்பாயை நடுவில் தள்ளியது. அது வெட்டுப்பட்டதும், பதிலுக்கு வெட்டாமல் மந்திரியை வெளியே கொண்டுவந்தது. சிப்பாய் போனால் போகட்டும், காய்கள் சீக்கிரம் களமிறங்கட்டும் என்ற கணக்கு.

யோசனை ஜான் காக்ரேனுடையது. பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர், ஆடியதோ லண்டன் பக்கம்! நல்ல நிலையில் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதன்பின் லண்டன்காரர்கள் ஒரு நகர்த்தலை எழுதி அனுப்பிவிட்டு, அதை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். தொட்ட காயை ஆடித்தான் ஆக வேண்டும் என்கிற விளையாட்டில், தபாலில் போட்ட காய்க்கு மட்டும் சலுகை உண்டா? எடின்பரோ மறுத்தது, ஆட்டத்தையும் வென்றது.

மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளை எடின்பரோவுக்கு வந்தது. தங்களைத் திணறடித்த அதே தொடக்கத்தை அவர்கள் லண்டன் மீதே திருப்பினார்கள். முடிவு டிரா. என் கணக்கில் போட்டியின் திருப்புமுனை, யாரும் ஜெயிக்காத இந்த ஆட்டம்தான். கடன் வாங்கிய ஆயுதம் தங்கள் கையிலும் தாங்கும் என்று அவர்களுக்கு அதில்தான் தெரிந்தது. நான்காவதை லண்டன் வென்றது. ஐந்தாவதில் மறுபடி அதே தொடக்கம். எடின்பரோவுக்கு வெற்றி, கோப்பை.

1750-லேயே இத்தாலியின் எர்கோலே தெல் ரியோ எழுதிவைத்த தொடக்கம் அது. ஆனாலும் ஜெயித்தவர்களின் ஊரைச் சொல்லி ‘ஸ்காட்ச்’ என்ற பெயரே நிலைத்தது. 1990 உலகப் பட்டப் போட்டியில் கார்ப்போவுக்கு எதிராகக் காஸ்பரோவ் அதைத் தூசுதட்டி எடுத்தார்.

காக்ரேன் கல்கத்தாவில் வழக்கறிஞரானார். பின்னாளில் அங்கே அவர் எதிரே வந்து அமர்ந்த வங்காளி மொஹேஷ் சந்திர பானர்ஜியைப் பற்றி அடுத்த வாரம்.