ஆற்றில் விட்ட ஏடுகள்

ஆடிப் பதினெட்டன்று புதுவெள்ளத்தில் காதோலை கருகமணி விடுவார்கள். ஒரு காலத்தில் ஏட்டுச் சுவடிகளையும் விட்டார்கள். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது இதைக் கேட்டு மனம் நொந்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டார்கள். ஆகம விதியாம்!

அவர்கள்மீது கோபம் கொள்ளுமுன் சற்று யோசிக்கலாம். பனையோலைக்கும் மூப்பு உண்டு. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். ஆகவே புதிய ஓலையில் பிரதி எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிறகு பழையதை மரியாதையுடன் நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பதுதான் ஆதியில் முறையாக இருந்திருக்க வேண்டும். காலப்போக்கில் எழுதுகிற கை ஓய்ந்தது. விடுகிற கை ஓயவில்லை. சடங்கில் சுலபமான பாதி மட்டும் மிஞ்சியது.

அப்படியும் சீவக சிந்தாமணி 1887-லும், புறநானூறு 1894-லும் அச்சேறின. ஐயரின் உழைப்பு ஒரு காரணம். ஒரே நூலின் பிரதிகள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தது மற்றொரு காரணம். ஒன்றில் சிதைந்த அடி இன்னொன்றில் அகப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1981-ல் அது கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சுப் புத்தகத்தை மறுபடி வாங்கலாம்; ஒற்றைப் பிரதியாக இருந்த ஏட்டை எந்தக் கடையில் வாங்குவது?

நம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த முத்தையா ஆயுள் முழுவதும் சேர்த்த புத்தகங்களும், பத்திரிகைகளும், நாடக நோட்டீசுகளும் அங்கே உள்ளன. 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ சர்வகலாசாலை அவற்றை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகம் அமைந்தது. மூலம் இங்கேயே இருக்க, நூல்கள் மைக்ரோபிலிமில் படமாகின. பின்னால் கம்ப்யூட்டரும் வந்தது.

கம்ப்யூட்டர் வந்தால் கவலை தீருமா? ஓலை பல தலைமுறை தாங்கியது. ஹார்ட் டிஸ்க் சில வருஷங்களிலேயே கண்ணை மூடக்கூடும். லட்சக்கணக்கான பக்கங்களை மறுபடி மறுபடி புதிய டிஸ்குக்கு மாற்ற வேண்டும். மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு விதமான சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நம் பழைய ஏடுகள் பிழைத்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? மயிலாப்பூர் வீட்டில் என் நாவல்களெல்லாம் ஒரு டிஸ்கில். அதன் பிரதி அதே மேஜை டிராயரில். மழைத் தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே நீந்தும்! போன வாரம் ஒரு பிரதி எடுத்துத் திருச்சியிலுள்ள தங்கைக்கு அனுப்பி, திறந்து பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் அவளிடமிருந்து டெலிபோன் வந்தது.

"எல்லாம் திறக்கிறது, அண்ணா. ஆனால் புது நாவலில் மூன்றாம் அத்தியாயத்தைக் காணோமே?"

டிராயரில் இருந்த பிரதியை அப்போதுதான் முதல் தடவையாகத் திறந்தேன். அதிலும் இல்லை.