மரக்காணம் உப்பளக் கரை: பனிக்கால வானிலை

விழுப்புரம் மாவட்டத்தின் வங்கக் கடற்கரையில், கழுவேலி ஏரியை ஒட்டி மரக்காணம் உப்பளங்கள் அமைந்துள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்வதால் உப்பு விளைச்சல் நிற்கும். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்கு இறங்கும். விடியலில் பனி மூட்டம் படியும்.

தை பிறந்ததும் உப்பளப் பணி தொடங்குகிறது. தேங்கிய மழைநீரை வெளியேற்றிய பின், பாத்திகளின் சேற்றைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவர். அதன் பிறகே உவர்நீர் பாய்ச்சுவர். வெயில் ஏற ஏறத்தான் உப்பு பூக்கும்.

வானிலை வழக்குகள்: தமிழகத்தில் பரவலாக அறியப்பட்டது கர்ப்போட்டம். சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் மார்கழிப் பிற்பாதி நாள்களின் மேகத்தையும் காற்றையும் கொண்டு அடுத்த ஆண்டின் மழையைக் கணிப்பர். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பது பனியின் கடுமையைச் சொல்லும் பழமொழி.

‘கார்த்திகைக்குப் பின் மழையில்லை’ என்ற வழக்கு எப்போதும் பொருந்துவதில்லை. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, மார்கழி நடுவில்.