கார்-டி சிகிச்சை: டி-செல் தூண்டலில் அளவே முக்கியம்

மும்பை: ரத்தப் புற்றுநோய்க்கான இந்தியாவின் முதல் உள்நாட்டு கார்-டி செல் சிகிச்சையான ‘நெக்ஸ்கார்19’, மும்பை ஐஐடி, டாடா நினைவு மையம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் உருவானது. 2023 அக்டோபரில் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த இச்சிகிச்சையை, 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிமுகப்படுத்தினார்.

கார்-டி தயாரிப்பில், நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் டி-செல்கள் பொதுவாக சிடி3, சிடி28 புரதங்களின் வழியே தூண்டப்படுகின்றன. பின்னர், புற்றுநோய் செல்களை அடையாளம் காணும் ஏற்பிக்கான மரபணு அவற்றில் செலுத்தப்படுகிறது. தூண்டல் குறைந்தால் செல்கள் போதிய அளவு பெருகாது. மிகுந்தால் அவை சோர்வடைந்து, உடலுக்குள் நீடித்துச் செயல்படும் திறனை இழக்கும். நோயாளியின் செல்களே மூலப்பொருள் என்பதால், தயாரிப்பு தவறினால் மீண்டும் தொடங்குவதற்குப் பலருக்கு அவகாசம் இருப்பதில்லை.