தேய்ந்த குமிழ் சொன்ன வரலாறு

எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று உண்டு. கேரித் தீவின் தோட்டத்தைவிட்டு என் தந்தையார் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தபோது, அம்மிக்கல்லோடும் தகரப் பெட்டியோடும் உடன் வந்த பொருள் அது. அதன் ஒலியளவுக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரைச்சல் எழும். குறைந்த ஒலியில் குரல் அறுந்துபோகும். ஓர் இழை நகர்த்தினால் திடீரென அலறும். இக்குறைக்கு எங்கள் குடும்பத்தில் வழிவழியாக ஒரு காரணம் சொல்லப்பட்டு வந்தது.

“ஜப்பான்காரன் காலத்தில் உன் தாத்தா இந்தப் பெட்டியில்தான் நேதாஜியின் பேச்சை இரகசியமாகக் கேட்டார். வெளியே தெரிந்தால் தலை போய்விடும் என்று குமிழை அடிமட்டத்தில் வைத்தே கேட்டார். அந்த இடம் தேய்ந்தது அதனால்தான்” என்பார் தந்தையார். தொண்ணூறை நெருங்கும் அவர், இதைச் சொல்லும்பொழுது மட்டும் ஏழு வயதுச் சிறுவனாகிவிடுவார்.

சென்ற ஆண்டு அப்பெட்டியைப் பழுதுபார்க்க முனைந்தேன். குமிழைச் சரிசெய்யப் போனவன், குடும்பக் கதையையே கழற்றிப் பார்க்கும்படி ஆயிற்று.

கேரித் தீவைப் பற்றி இரண்டொரு சொல். சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்தில், லங்காட் ஆறு பெருநிலத்தினின்று பிரித்துவைத்த சதுப்பு நிலம் அது. மா மெரி பழங்குடி மக்களின் இருப்பிடம். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர் அதற்கு வாய்த்தது. முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் பயிரான அத்தீவில் நம்மவர் பல தலைமுறை உழைத்தனர். கடற்காற்றும் சேற்று ஈரமும் மனிதரை வாட்டியதுபோலவே வானொலிப் பெட்டிகளையும் வாட்டின. உலோகம் பாசி பிடிக்கும். மெழுகு பூசிய காகித மின்தேக்கிகள் ஈரம் உறிஞ்சும். பல்லியும் கரப்பானும் வெப்பம் நாடி உள்ளே குடியேறும்.

மலாயாவுக்கு வானொலி வந்த கதை பலரும் அறிந்ததே. 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளர் பர்ச் முதல் பெட்டியைக் கொணர்ந்தார். 1930இல் ஆர்வலர் குழுவினர் கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பினர். 1937இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் நிலையத்தைத் திறந்தது. இவற்றைப் பற்றியெல்லாம் எழுதியோர் உளர். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அந்நாளில் என்ன செய்தனர் என்பதை எழுதியோர் அரியர்.

தொடக்கக் காலப் பெட்டிகள் பலவற்றில் ஒலியளவுக்கென்று தனிக் குமிழ் கிடையாது. வால்வின் இழைக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்து ஒலியைத் தணிப்பர். அல்லது வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே ஊட்டும் சுருளை நகர்த்தி ஒலியைப் பெருக்குவர். அளவு மீறினால் பெட்டி ஊளையிடும். அவ்வூளை அண்டை வீட்டாரின் பெட்டியிலும் கேட்கும். வானொலிக்காரரின் கைப்பழக்கம் அக்காலத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்! பின்னரே கரி பூசிய வளைவான தடமும், அதன்மீது வழுக்கிச் செல்லும் உலோக நாவும் கொண்ட கட்டுப்பாடு நிலைபெற்றது. நம் காது ஒலியை அளக்கும் முறை விந்தையானது. மெல்லிய ஒலியில் சிறு மாற்றத்தையும் உணரும், உரத்த ஒலியில் பெரிய மாற்றத்தையே உணரும். ஆகவே அக்கரித்தடத்தையும் சீராகப் பூசுவதில்லை. குமிழை நடுவில் நிறுத்தினாலும் மொத்த மின்தடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கடந்திருக்கும். இதையறியாமல் சீரான தடம் கொண்ட மாற்றுப் பொருளைப் பொருத்திவிட்டு, “கொஞ்சம் திருப்பினாலே கத்துகிறதே” என்று அல்லலுற்ற இல்லங்கள் பல.

எங்கள் பெட்டிக்கு வருவோம். தடத்தைத் துடைத்தால் கரகரப்புத் தீரும் என்றெண்ணித் துடைத்தேன். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் பழைய இரைச்சல். தூசியால் வருவது துடைத்தால் போகும். துடைத்தும் மீள்வதாயின், தடத்தில் இருக்கக்கூடாத நேர்மின்னோட்டம் அங்கே ஓடுகிறதென்று பொருள். குமிழின் நாவுக்கும் அடுத்த வால்வுக்கும் இடையிலுள்ள சிறிய மின்தேக்கி, ஒலியை மட்டும் விட்டு நேர்மின்னோட்டத்தைத் தடுக்க வேண்டியது. அளந்து பார்த்தேன்; அது ஈரத்தில் ஊறிக் கசிந்துகொண்டிருந்தது. புடுவிலுள்ள ஜாலான் பாசாரில் சில காசுக்குக் கிடைத்த புதியதொன்றை மாற்றியதும் இரைச்சலில் பெரும்பகுதி மறைந்தது. கடைசி வால்வுக்கு முன்னிருக்கும் மின்தேக்கியும் அவ்வாறே கசிந்திருந்ததால், உரத்த குரல் உடைந்து ஒலித்தது. இவ்வளவு காலமும் பழியைக் குமிழ்தான் சுமந்தது.

இவ்வேலையில் இறங்கும் இளைஞருக்கு ஓர் எச்சரிக்கை. இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் மின்மாற்றி கிடையாது. உள்ளேயுள்ள உலோகச் சட்டமே நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். குமிழை இறுக்கும் சிறு திருகிலும் 230 வோல்ட் இருக்கலாம். அத்திருகின் துளையை மெழுகால் அடைத்திருப்பது அழகுக்காக அன்று.

பெட்டியின் வால்வுகளைக் கழற்றியபோதுதான் உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. அவை ‘ரிம்லாக்’ எனப்படும் வகை, யூ.எல். 41 என்னும் எண் தெளிவாகத் தெரிந்தது. அவ்வகை வால்வுகள் சந்தைக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. வால்வை மாற்றியிருக்கலாமே எனலாம். ஆனால் உலோகச் சட்டத்தின் துளைகளே அவ்வகைக்கென்று வெட்டப்பட்டவை. 1945க்கு முன் இப்பெட்டி பிறந்திருக்கவே இயலாது. தாத்தா இதில் நேதாஜியைக் கேட்டிருக்க வழியில்லை.

அதனினும் பெரிய ஐயம் ஒன்று எழுந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நேதாஜியின் குரலைக் கேட்க இரகசியம் எதற்கு? 1943 சூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக அரசை அறிவித்தார். ஜப்பானியர் ஆதரவுடன் நடந்தது அவ்வியக்கம். அவர் குரலை உரக்க வைத்துக் கேட்பதே அன்று பாதுகாப்பு. தலை போகக்கூடிய குற்றம் வேறொன்று. இலண்டனையும் தில்லியையும் சிற்றலையில் கேட்பது. சிற்றலைக்குத் தடை விதித்த ஆட்சியாளர், பெட்டிகளில் அப்பகுதியையே செயலிழக்கச் செய்தனர். பேராக்கின் பாப்பானில் பி.பி.சி. செய்தியை மறைவாகக் கேட்டும் கெரில்லாக்களுக்கு மருத்துவம் செய்தும் வந்த சிபில் கார்த்திகேசு அம்மையார் 1943இல் சிறைப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948இல் மறைந்தார். சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆடவர் ஆயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்ட ஆண்டுகள் அவை. போர் எப்போது முடியும் என்பது, கணவனை வழியனுப்பியவளுக்கு அரசியல் செய்தி அன்று.

ஆகக் குமிழைக் குறைத்துக் கேட்டது உண்மையெனில், கேட்ட குரல் நேதாஜியுடையதாக இருக்க முடியாது. கேட்டது நேதாஜியை எனில், குறைத்திருக்கத் தேவையில்லை. விடுதலை உணர்ச்சி பொங்கிய பின்னாளில், இலண்டன் செய்தி கேட்டதைச் சொல்ல நா கூசி, பெயரை மாற்றிக்கொண்டார்களோ? அவ்வாறே இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இரண்டு அச்சங்களும் இரண்டு பெருமைகளும் கலந்து ஒரே கதையாகியிருக்கின்றன.

தடத்தின் தேய்வுக்கும் விளக்கம் உண்டு. பெட்டியை இயக்கும் விசை அதே தண்டில் இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் உலோக நா அடிப்பகுதியைக் கடந்தே ஆகவேண்டும். மேலும் லயத்து வீடுகளின் சுவர் பலகைச் சுவர். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டியவர்கள் அடுத்த அறையில் உறங்குவர். இரவில் எந்த வீட்டிலும் குமிழ் மேலேறாது. உரத்துக் கேட்டது பொது இடத்தில். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் சமூக வானொலிப் பெட்டிகளை வைத்தது. 1946இல் உருவான ரேடியோ மலாயாவின் தமிழ் நிகழ்ச்சிகளை நம்மவர் பலர் முதன்முதலில் கேட்டது அத்தகைய பெட்டிகளின் முன்னே கூடித்தான். அரசாங்கச் செய்தியும் அவ்வழியே வரும், பாட்டும் வரும். ஒலியைக் கூட்டும் உரிமை மட்டும் கேட்பவர் கையில் இல்லை. அதே காலத்தில், 1949இல் கோலாலம்பூருக்கு வந்த ரீடிஃப்யூஷன் பெட்டியில் அலைவரிசை தேடும் முள்ளே கிடையாது. கம்பி வழி வருவதைக் கேட்கலாம். கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. சொந்த வால்வுப் பெட்டி வாங்கியவனுக்குத்தான் முள்ளும் குமிழும் இரண்டும் வாய்த்தன. தோட்டத்துக் கூலியில் அதை வாங்கத் தாத்தா எத்தனை ஆண்டு சேர்த்தாரோ!

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருந்தது. ஒருநாள் மாலை வால்வைக் கையில் கொடுத்து, அதன் எண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டேன். நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்படியானால் அது கிராணியார் வீட்டுப் பெட்டியாக இருந்திருக்கும்” என்றார். பிறகு, “ஆனால் அப்பா சன்னலைச் சாத்தச் சொன்னார். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது” என்றார்.

பழைய கரித்தடத்தை நான் மாற்றவில்லை. பெட்டி இப்போது பாடுகிறது. தந்தையார் தாமே எழுந்து சென்று அதன் குமிழைச் சற்றுக் குறைத்துவிட்டு வந்து அமர்வார்.